கிழியாத வில்லை

எனக்கு ஒரு நாளைக்கு நாலு சிகரெட். காலையில் கடையைத் திறந்ததும் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, தையல் மெஷினுக்கு உறை போடும்போது ஒன்று. பதினான்கு வருஷம் இந்த நாலையும் பெரியவள் கடையில்தான் வாங்கினேன். அப்புறம் சின்னவள் கடைக்கு மாறினேன். நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முதன்முதலாக ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போன ஆள் நான்தான் என்று பெரியவள் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

பெரியவள், சின்னவள் என்று நான் சொல்வது ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டு ஓரகத்திகளை. அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். அண்ணன் எதிரே இருக்கும் டயர் தொழிற்சாலையில் எடைமேடைக் காவல். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பிறந்தவர் என்று நான் கேலி செய்வேன், அதற்கும் பதில் சொல்ல மாட்டார். தம்பி லாரி ஓட்டுகிறான். டயர் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிப் போவான், இரண்டு நாள் கழித்து வருவான். ஒரே வீடு, ஒரே முற்றம், இரண்டு அடுப்பு. வீட்டின் முன்பக்கம் ரோட்டை ஒட்டி இரண்டு அறை. ஒன்றில் பெரியவளின் சிகரெட் கடை, அடுத்ததில் வாடகைக்கு என் தையல் கடை. நடுவில் பலகைத் தடுப்பு. அவள் அங்கே தும்மினால் இங்கே என் மெஷினில் நூல் அறும்.

டயர் தொழிற்சாலைக்காரர்களுக்கு ரப்பர் நாற்றத்தை மறக்க ஏதாவது ஒன்று வேண்டும். மூன்று வேளை ஷிப்டு விடும்போதும் கறுத்த கைகளோடு வந்து நிற்பார்கள். முழுப் பெட்டி வாங்குகிறவர்கள் மேஸ்திரிகள் மட்டும்தான். மற்றவர்களுக்கு ஒற்றை ஒற்றையாகத்தான் கொடுக்க வேண்டும். ஒற்றையாக வாங்குகிறவனுக்குத்தான் சந்தேகமும் அதிகம். இது நிஜமான சரக்கா, உலர்ந்த வாழைச்சருகா என்று முகர்ந்து பார்ப்பான். அதற்குப் பெரியவள் ஒரு வழி வைத்திருந்தாள். பெட்டியின் மூடிக்குக் குறுக்கே அரசாங்கத்து வரி வில்லை ஒட்டியிருக்கும், அது கிழியாமல் மூடி திறக்காது. பெரியவள் மூடியைத் தொடவே மாட்டாள். பெட்டியைக் கவிழ்த்து, கட்டைவிரல் நகத்தால் அடிப்பக்கத்துப் பசையை அலுங்காமல் விடுவித்து, கீழ்வழியாகவே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். மேலே வில்லை முழுசாக இருக்கும். "ஸ்டாம்பு பாரு. கன்னி கழியாம இருக்கா? நம்ம கடையில கலப்படம் கிடையாது" என்பாள். பெட்டியின் கடைசி சிகரெட் போகிறவரைக்கும் அந்த வில்லை அப்படியே இருக்கும். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

இன்னொரு பெருமை சுவரில் மாட்டியிருந்தது. புகையிலை விற்க வரி இலாகா கொடுத்த உரிமம், அவள் பெயரில். அந்தத் தெருவிலேயே அப்படி ஒரு காகிதம் வேறு யாருக்கும் கிடையாது. வந்த அன்றைக்கே கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டம் அடித்து, நாலு ஆணி வைத்து மாட்டிவிட்டாள். அந்த வீட்டில் கல்யாணப் படத்துக்குக்கூடச் சட்டம் கிடையாது. தினமும் காலையில் முந்தானையால் துடைப்பாள். "என் பேர் அச்சுல இருக்கிறது உலகத்துலயே இது ஒண்ணுலதான் தம்பி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அந்த உரிமம் போனால் கடை போகும், கடை போனால் அவள் வெறும் எடைமேடைக்காரர் பெண்டாட்டி. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சின்னவள் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்தாள். ஒடிசலான உடம்பு, பெரிய கண்கள். வந்த வாரமே ஒரு துணியை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். பெரியவளுக்கு நான் தைத்துக்கொடுத்த அதே நிறம், அதே பூ. எப்படித் தைக்கட்டும் என்று கேட்டேன். "அக்காவுக்குத் தச்ச மாதிரியேண்ணே" என்றாள். அன்றிலிருந்து அவள் எது கொண்டுவந்தாலும் அதே பேச்சுதான். பெரியவள் கை நீளம் வைத்தால் இவளுக்கும் நீளம், அவள் குறைத்தால் இவளும் குறைப்பாள். கடையில் கூடமாட நின்று, பெட்டியைக் கவிழ்த்து நகத்தால் திறக்கிற வித்தையையும் கற்றுக்கொண்டாள். பெரியவளுக்கு இதெல்லாம் அப்போது பிடித்திருந்தது. தங்கச்சி, தங்கச்சி என்று உருகுவாள். காலிப் பெட்டிகளைக் கடைக்குப் பின்னால் ஒரு சாக்கில் போட்டு வைப்பாள். வாரம் ஒருமுறை அந்தச் சாக்கைச் சின்னவளிடம் கொடுத்து, பழைய காகிதக்காரனிடம் போட்டு அந்தக் காசை நீயே வச்சுக்கோ என்பாள். புது மருமகளுக்குக் கையில் செலவுக்கு வேண்டாமா என்று என்னிடம் பெருமையாகச் சொல்வாள்.

அப்புறம்தான் வரியை ஏற்றினார்கள். அடுத்த வருஷம் மறுபடி ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் ஷிப்டுக்காரர்கள் இனிமேல் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்வார்கள், மூன்றாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். இரண்டாம் தடவை ஏற்றியபோது மூன்றாம் நாள் வந்தார்கள், ஆனால் பெரியவள் கடைக்கு வரவில்லை. லாரியில் ஒரு மணி நேரம் போனால் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அதே கம்பெனி, அதே படம் போட்ட அதே பெட்டி, வரி மட்டும் மூன்றில் ஒரு பங்கு. லாரிக்காரர்கள் இருக்கைக்கு அடியிலும் டயருக்குள்ளும் வைத்து அதைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். தொழிற்சாலைக்குள் ஒருவன் சிகரெட்டை நீட்டினால் மற்றவன் "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் கடை போட்டாள். ரோட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத ஓர் இடம். முதலில் பிஸ்கட், சோப்பு, டீ. பிறகு சிகரெட்டும் வந்தது. பெரியவள் கடையில் மூன்று விற்கிற விலைக்கு அங்கே நாலு. நான் போனேன். மனுஷன் நாலு குடிக்கிறவனாக இருந்தால் அந்தக் கணக்கு எங்கே போய் இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் திரும்பி வரும்போது பெரியவள் பலகை ஓரத்தில் நின்றாள்.  என் விரலிடுக்கில் இருந்ததைப் பார்த்தாள், அவ்வளவுதான். அன்றைக்குத் தைத்த காற்சட்டைக்கு ஒரு கால் நீளமாகிவிட்டது.

அதற்கப்புறம் அவளுக்கு வேறு வேலை இல்லை. எதிர்க்கடையில் நிற்கிறவர்களின் முதுகை எண்ணுவாள். ஷிப்டு விடும் சங்கு ஊதியதும் முன்னால் வந்து நின்றுகொள்வாள், உதடு அசையும். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்படி, "இருபத்தி மூணு" என்பாள். தன் கடைக்கு ஐந்து பேர் வந்ததைச் சொல்ல மாட்டாள். சின்னவள் காதில் புதுசாக ஒன்று மின்னினால் அது கில்ட்டா என்று என்னிடம் கேட்பாள். சின்னவள் சிரித்தால் எதுக்குச் சிரிக்கிறா என்பாள். சின்னவள் ஒருநாள் இருமியதற்கு, உடம்புக்கு வந்திருக்கும்போல என்று அவள் முகம் தெளிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சின்னவள் ஒரு குளிர்ப்பெட்டி வாங்கினாள். இரண்டு பேர் சுமந்துவந்து மாடிப்படிக்கு அடியில் இறக்கினார்கள். அனல் வீசுகிற நாள், ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. அரை மணியில் சின்னவளே ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். அக்கா, முதல் பாட்டில் உங்களுக்குத்தான் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். பெரியவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளியே வேர்த்து நீர் வழிந்துகொண்டிருந்தது. எடுத்து, மூடியைத் திருகி, சாக்கடையில் கவிழ்த்துவிட்டுக் காலிப் பாட்டிலைத் திண்டில் வைத்தாள். எனக்காவது கொடுத்திருக்கலாம். தொண்டை வறண்டு நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அந்த வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பதினாறு வருஷமாகக் காலால் மிதிக்கிற மெஷினிலேயே நான் கிடக்கிறேன். நேற்று வந்தவள் மோட்டார் வைத்த பெட்டியில் தண்ணீரைக் குளிர வைக்கிறாள்.

இத்தனைக்கும் காலிப் பெட்டிச் சாக்கு மட்டும் நிற்கவில்லை. பேச்சு நின்றது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது, வாரம் ஒரு சாக்கு மட்டும் முற்றத்தில் கைமாறியது. எனக்குத் தாங்கவில்லை, கேட்டுவிட்டேன். அவளைக் கண்டாலே ஆகாது, குப்பையை மட்டும் எதற்கு அவளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று.

பெரியவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அதை நிப்பாட்டுவேனா? குளிர்ப்பெட்டி வாங்கட்டும், மாளிகை கட்டட்டும். வாரத்துக்கு ஒரு நாளு எங்கிட்ட வந்து கைநீட்டி என் குப்பையை வாங்கிட்டுப் போறால்ல. நான் குடுக்கிற இடத்துல இருக்கேன், அவ வாங்குற இடத்துல இருக்கா. அது போதும் எனக்கு."

சின்னவளுக்கும் ஒரு புத்தி இருந்தது. பேச்சு வார்த்தை முழுக்க அறுந்துபோகாத நாட்களில் ஒருமுறை பெரியவளைக் கூப்பிட்டு, தன் கடைக்குப் பின்னால் கரித்துணிகளுக்கு நடுவே நிற்கிற நீல டிரம்மைத் திறந்து காட்டியிருக்கிறாள். உள்ளே அந்தப் பக்கத்துச் சரக்கு அட்டை அட்டையாக. "உங்களுக்கு மட்டும்தான் காட்டுறேன் அக்கா" என்றாளாம். இதைப் பெரியவள் என்னிடம் சொன்னபோது, நம்பிக்கை வைத்துத்தானே காட்டினாள் என்றேன். நம்பிக்கையாம், மினுக்கிக் காட்டினா என்றாள்.

எல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்றியது. எடைமேடையில் வேலை முடிந்து பெரியவளின் புருஷன் வீட்டுக்கு வருகிற நேரம். அவர் ரோட்டைக் கடக்காமல் எதிர்ச்சாரியிலேயே நின்றார். தம்பி லாரியோடு அன்றைக்குத்தான் வந்திருந்தான். சின்னவள் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள், குளிர்ந்த சோடா ஒன்றை உடைத்துக் கொடுத்தாள். தம்பி ஏதோ சொன்னான். பெரியவர் சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தார். அந்த மனுஷனுக்கு இத்தனை பற்கள் உண்டு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பெரியவள் பலகை ஓரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் கடைக்குள் வந்தாள். தம்பி, உன் போனைக் கொஞ்சம் கொடு, என்னுடையதில் சார்ஜ் இல்லை என்றாள். கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு தன் கடைக்குப் போனாள். தொழிற்சாலை மதில்மேல் வரி இலாகா ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது, கள்ளச் சிகரெட் பற்றித் தகவல் தருபவர் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று ஓர் எண்ணோடு. அவள் அதைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்துவது பலகை இடுக்கில் தெரிந்தது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். மாடிப்படி என்பதும் நீல டிரம் என்பதும் கரித்துணி என்பதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்துபோய்த் தடுத்திருக்கலாம். மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, நானும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு நாள் மழை. அதிகாரிகள் வரவில்லை. பெரியவளுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. இருமிக்கொண்டே கடையில் உட்கார்ந்திருந்தாள், வேன் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பாள். இரண்டாம் நாள் மத்தியானம் சின்னவள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடிவந்தாள். ஒரு தூக்குப் போணியில் மிளகு தட்டிப்போட்ட சூடான கஞ்சி. வைத்துவிட்டு ஓடிவிட்டாள். இந்தத் தடவை பெரியவள் அதைச் சாக்கடையில் ஊற்றவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு முழுசும் குடித்தாள். பிறகு பலகையைத் தட்டினாள்.

"தம்பி, அந்த போஸ்டர்ல வேற நம்பர் ஏதும் இருக்கா?"

"எதுக்கு?"

"சொன்னதை வேணாம்னு சொல்றதுக்கு."

அப்படி ஓர் எண்ணை எந்த இலாகாவும் வைத்திருப்பதில்லை என்றேன். அவள் போணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. பத்து மணிக்கு வேன் வந்தது. இறங்கியது நாலு பேர். அவர்களுக்குத் தலைமை ஓர் அம்மாள், நரைத்த தலை, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அவர்கள் சின்னவளின் கடையில் பிஸ்கட் டப்பாவைத் தொடவில்லை, குளிர்ப்பெட்டியைத் திறக்கவில்லை. நேராகப் பின்னால் போய், கரித்துணியை விலக்கி, நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்கள். சின்னவள் அப்போது ஒருமுறை திரும்பி ரோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான்.

டிரம்முக்குள் வில்லை இல்லாத சரக்கு கொஞ்சம்தான் இருந்தது. அதற்கு அடியில் இருந்தவற்றைக் கண்டுதான் அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அறுபது எழுபது பெட்டி, எல்லாவற்றிலும் வரி வில்லை முழுசாக, கிழியாமல். ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை, ஒரு தூரிகை. அவள் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். பிறகு கையிலிருந்த கருவியை வில்லைமேல் காட்டினாள், அது கீச்சென்றது. வில்லையிலிருக்கும் எண்ணைப் படித்தால் அந்தப் பெட்டி எந்த உரிமத்துக்குப் போனது என்று திரையில் வந்துவிடுமாம். இன்னொன்றைக் காட்டினாள், இன்னொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்திருக்க வேண்டும். அந்த அம்மாள் தலையை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைக் கடந்து பெரியவள் கடைக்கு வந்தாள்.

பெரியவளுக்கு அப்போதும் புரியவில்லை. அதிகாரி பெட்டிகளைக் கடைப் பலகைமேல் அடுக்கி, இது உங்கள் கடைச் சரக்குதானே என்று கேட்டாள். பெரியவள் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள். தன் நகம் விடுவித்த மடிப்பு அவளுக்குத் தெரியாமல் போகுமா. சாக்கில் போன காலிப் பெட்டிகள் வயிறு நிறைந்து திரும்பி வந்திருந்தன. உள்ளே அந்தப் பக்கத்துச் சிகரெட், வெளியே அவள் வரி கட்டி வாங்கிய வில்லை.

அதிகாரி சுவரிலிருந்த உரிமத்தைக் கழற்றச் சொன்னாள். பின்பக்கத்துத் தகட்டை எடுத்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பினாள். பின்னால் பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து விதிகள். ஏழாவதை விரலால் காட்டிப் படித்தாள். ஒற்றையாக விற்பதற்காகத் திறக்கும் பெட்டியின் வில்லையை விற்பவர் கிழித்துவிட வேண்டும்.

"இதைப் படிச்சதில்லையா நீங்க?"

"சட்டம் போட்டுட்டேன்ல" என்றாள் பெரியவள். 

அந்த அம்மாளைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரியவளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னாள். காலிப் பெட்டிகளை உங்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று எழுதிக் கொடுத்தால் அது களவு. அந்தப் பெண்மேல் போலீஸ் கேஸ் ஆகும், உங்களுக்கு ஓர் எச்சரிக்கையோடு உரிமம் நிற்கும். நீங்களே கொடுத்தீர்கள் என்றால் அவளுக்கு அபராதத்தோடு போகும், உங்கள் உரிமம் ரத்து. மறுபடி கேட்டாலும் கிடைக்காது. யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

ஒரே ஒரு வரி. அதை எழுதினால் எதிர்ச்சாரியில் அவள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த காதணி, குளிர்ப்பெட்டி, இருபத்தி மூன்று முதுகு எல்லாம் ஒரே நாளில் காணாமல் போகும். சுவரில் உரிமம் திரும்ப ஏறும். அவள் தினமும் வேண்டிக்கொண்டது வேறு என்ன? பெரியவளின் புருஷன் எடைமேடையிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். எதிரே சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை.

பெரியவள் பேனாவை வாங்கினாள். காகிதத்தை நேராக வைத்துக்கொண்டாள். நான் மெஷினை விட்டு எழுந்துவிட்டேன். அவள் எழுதிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரத்தில் அதிகாரி ஆறுதலாகத்தான் ஒரு வார்த்தை சொன்னாள். "வருஷக்கணக்கா உங்க கண்ணு முன்னாலேயே உங்களை ஏமாத்தியிருக்கா பாருங்க. கெட்டிக்காரி."

பெரியவள் கை நின்றது. பேனாவை மூடி வைத்தாள்.

"யாரை ஏமாத்தினா? என்னையா?" என்றாள். "எங்கிட்டருந்து திருடுற அளவுக்கு அவ இன்னும் வளரலம்மா. நான் குடுத்துத்தான் அவ வாங்கினா. வாரா வாரம், என் கையால. எழுதிக்கோங்க."

"அம்மா, உங்க உரிமம்..."

"நான் குடுத்தேன்னு எழுதுங்க."

எழுதினார்கள். கையெழுத்துப் போட்டாள். உரிமத்தை நாலாக மடித்து உறையில் வைத்துக்கொண்டு வேன் போய்விட்டது. வெறும் தேக்குச் சட்டம் பலகைமேல் கிடந்தது. அப்போது சின்னவள் ரோட்டைக் கடந்து ஓடிவந்து பெரியவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்கா, எனக்காகவா, எனக்காகவா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். லாரிக்காரன் அண்ணி காலில் விழப் போனான். பெரியவர்கூட வாயைத் திறந்து, நீ பெரிய மனுஷி என்றார். பெரியவள் எல்லோருக்கும் நடுவில் மரம்போல் நின்றாள். அவள் பார்வை மட்டும் சின்னவளின் தோளுக்குமேல் என்னிடம் வந்தது.

சாயந்திரம் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "கெட்டிக்காரின்னு சொல்லிச்சே அந்தப் பொம்பளை, காதுல விழுந்துச்சா உனக்கு?"

விழுந்தது என்றேன்.

"எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உரிமம் என்ன, வீட்டையே எழுதிக் குடுத்திருப்பேன்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஜலதோஷமா, அழுகையா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது இரண்டு மாதமாகிறது. பெரியவள் கடையில் பிஸ்கட்டும் சோப்பும் இருக்கிறது. குளிர்ப்பெட்டியை ரோட்டைத் தாண்டித் தூக்கிவந்து அங்கேயே வைத்துவிட்டார்கள், மாடிப்படிக்கு அடியில் இப்போது செங்கல் அடுக்கியிருக்கிறது. சின்னவளும் இங்கேதான் நிற்கிறாள். முக்காலி பெரியவளுக்கு, நின்று விற்பது இவள். இரண்டு அடுப்பு ஒன்றாகிவிட்டது. தொழிற்சாலைக்குள் எவனோ சாப்பாட்டு டப்பாவில் வைத்து அந்தப் பக்கத்துச் சரக்கை விற்கிறானாம். ஷிப்டுக்காரர்களுக்கு ஒரு குறையும் இல்லை. நான் மூன்றாகக் குறைத்துவிட்டேன். வீட்டில் பெரியவளுக்கு இப்போது தெய்வத்துக்குச் செய்கிற மரியாதை. முதல் தட்டு அவளுக்கு, வெந்நீர் அவளுக்கு. அவள் ஒவ்வொரு தடவையும் நெருப்பை விழுங்குகிற மாதிரி அதை வாங்கிக்கொள்கிறாள்.

போன வாரம் சின்னவள் ஒரு துணியோடு என் கடைக்கு வந்தாள். பச்சையில் சிறு கட்டம். பெரியவள் அப்போது வீட்டுக்குள் சாப்பிடப் போயிருந்தாள். அளவெடுக்க நாடாவை எடுத்தேன். அந்தத் தகவல் என் போனிலிருந்துதானே போனது, அவளைக் கண்டாலே எனக்குப் பேச்சு தடுமாறும். ஏதோ கேட்க வேண்டுமே என்று, நீயே நல்ல இடமாகப் பார்த்துக் கடையைத் தனியாகப் போடலாமே என்று உளறினேன்.

"அண்ணே" என்றாள். "வந்தவங்க கடையை ஏறெடுத்துக்கூடப் பார்க்கல. நேரா டிரம்முக்குப் போனாங்க. அந்த டிரம்மை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் காட்டியிருக்கேன்."

என் கையிலிருந்த நாடா கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"தெரிஞ்சுமா அவங்க கூட நிக்கிற?" என்றேன்.

சின்னவள் பலகைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தேக்குச் சட்டம் வெறுமனே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து அவங்களைப் பார்த்துத்தாண்ணே நான் வெந்துட்டிருந்தேன். அவங்க நடை, அவங்க பேச்சு, அச்சுல போட்ட அவங்க பேரு. எல்லாரும் சரக்கை மறைச்சு வச்சுத்தானே விக்கிறாங்க, எனக்கு மட்டும் ஸ்டாம்பு எதுக்குன்னு கேக்குறீங்களா? அவங்க மாதிரியே பெட்டியைக் கவுத்துக் காட்டி, அவங்க மாதிரியே ஸ்டாம்பு பாருன்னு சொல்லணும். அந்த ஆசையிலதான் ராப்பகலா பசை தடவினேன்."  அவள் முகத்தில் எனக்குக் கோபம் தென்படவில்லை, பூரிப்புதான் இருந்தது. "அவங்க என்னைப் பார்த்து வெந்திருக்காங்கண்ணே. போன் பண்ணுற அளவுக்கு. எனக்கு அது போதும்."

அளவைக் குறித்துக்கொண்டேன். வழக்கம்போல் அக்காவுக்குத் தைத்த மாதிரிதானே என்று கேட்டேன். இல்லை, என் இஷ்டத்துக்குக் கழுத்தைச் சதுரமாக வைத்துத் தையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அரை மணியில் பெரியவள் வந்தாள். வெட்டு மேசைமேல் கிடந்த பச்சைத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். யாருடையது என்று கேட்டாள், சொன்னேன். கழுத்து எப்படிக் கேட்டிருக்கிறாள் என்று கேட்டாள், அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் துணியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இது இன்னும் கிடைக்குமா கடையில?"

"கிடைக்கும். எப்படித் தைக்கணும்?"

"அவளுக்குத் தைக்கிற மாதிரியே" என்றாள்.